மிஸலேனியஸ் பெரியப்பா

தற்காலிகமாக என்று சொல்லி வைத்த எதுவும் சென்னையில் இடத்தைவிட்டு நகர்ந்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் தெருமுனையில் தற்காலிகமாகத் தோண்டிய பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையாரே வந்து உட்கார்ந்துவிட்டார். இது தெரிந்தும், தொண்ணூறுகளின் கடைசியில், சொந்தப் பெரியப்பாவின் முகத்தைத் தற்காலிகமாக இன்டர்நெட்டில் வைத்த அறிவாளி நான்.

அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். (அப்பா அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.) என் முழுநேர வேலை, நண்பன் ரஃபியோடு சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு வெப்சைட் நடத்துவது. மயிலாப்பூரில் அவன் மாமா வைத்திருந்த பிரவுசிங் சென்டர்தான் எங்கள் தலைமைச் செயலகம். பேய்களைச் சுட்டுக்கொண்டே பாதாளத்துக்குள் இறங்கும் விளையாட்டு அது. அதில் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு சின்னப் படம். எங்கெங்கோ இருப்பவர்கள் குறிப்பு எழுதி அனுப்புவார்கள், நாங்கள் ஏற்றுவோம். இன்று இதை விக்கி என்கிறார்கள். அன்று எங்கள் வீட்டில் இதற்குத் தண்டம் என்று பெயர்.

துப்பாக்கிக்குத் துப்பாக்கிப் படம், சாவிக்குச் சாவிப் படம். எதிலும் சேராத அழுகிய மாமிசம், விஷப் புட்டி, பிசாசின் பல் வகையறாவை 'மிஸலேனியஸ்' என்ற தலைப்பில் கொட்டியிருந்தோம். அதற்கு என்ன படம் வைப்பது? கேள்விக்குறி என்றேன். "எல்லாரும் அத்தத்தான் வெச்சிக்கினு கீறாங்க" என்று ரஃபி நிராகரித்தான். பெட்டி வரைந்தால் சவப்பெட்டி மாதிரி வந்தது. குப்பைத்தொட்டி போட்டால் எழுதி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். தேசத்தின் எதிர்காலமே அந்தக் கட்டைவிரல் அளவுப் படத்தில் தொங்குவதுபோல் வாரக்கணக்கில் சண்டை போட்டோம். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா தன் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்றைக் கொடுத்து, ஏதோ விண்ணப்பத்துக்காக ஸ்கேன் செய்துவரச் சொன்னார். பேங்க் அதிகாரி. நெற்றி நிறைய விபூதி, லோன் கேட்டு வந்தவரைப் பார்க்கும் பார்வை. அவர் சிரித்துப் பார்த்தவர்கள் எங்கள் குடும்பத்தில் யாருமில்லை. படம் திரையில் விரிந்ததும் ரஃபி அசந்துபோய் உட்கார்ந்துவிட்டான்.

"மச்சி, இந்த மூஞ்சி எந்த கேட்டகிரில வரும், சொல்லு?"

யோசித்தேன். எதிலும் வரவில்லை.

"அப்போ இதான் நமக்கு. இப்போதிக்கி போடு, அப்பால மாத்திக்கலாம்."

போட்டேன். மாற்றவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் கையால் திறந்து மாற்ற வேண்டும், யாருக்குப் பொறுமை?

சில மாதம் கழித்து என் அக்கா வசந்தியைப் பெண் பார்க்க அடையாறிலிருந்து வந்தார்கள். பையன் அமெரிக்காவில் வேலை, லீவு முடிந்து கிளம்பப்போகிறான். அதற்கு முன் வந்த வரன்களையெல்லாம் உதட்டைப் பிதுக்கியே அனுப்பிய அக்கா, இவன் போட்டோவை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தாள். இது தட்டிப்போனால் அவள் மனசு உடைந்துவிடும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சொஜ்ஜி, பஜ்ஜி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்பா வாய் திறக்காத மனிதர் என்பதால் பெரியப்பாதான் எங்கள் தரப்புப் பேச்சாளர். பையனின் தம்பி ஒருத்தன், கல்லூரி மாணவன், பஜ்ஜியைக் கையில் வைத்தபடி பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"அம்மா! இந்த மாமா போட்டோவ நான் இன்டர்நெட்ல பாத்திருக்கேன்! எங்கேன்னுதான் ஞாபகம் வரல!"

நான் சொஜ்ஜித் தட்டோடு மெதுவாகத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். பெரியவர்களுக்கு இன்டர்நெட் என்றால் என்னவென்றே தெரியாத காலம் அது. நேராகப் பார்க்கும் முறைப்பான பாஸ்போர்ட் போட்டோவைப் பொது இடத்தில் ஒட்டுவது யார்? பையனின் அம்மாவுக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது.

"ஏன்னா, போலீஸ் தேடறதோ?" என்று கணவரிடம் கிசுகிசுத்தாள். அந்தக் கிசுகிசுப்பு சமையலறை வரை கேட்டது.

அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்றார். அடையாறுக்குப் போய்! அக்காவின் முகம் செத்துவிட்டது.

"உக்காருங்கோ" என்றார் பெரியப்பா. என் பக்கம் திரும்பவே இல்லை, ஆனால் கேள்வி எனக்குத்தான். "எங்கடா இருக்கு அந்த எழவு? காட்டு. எல்லாரும் பாக்கட்டும்."

மூன்று ஆட்டோக்களில் இரண்டு குடும்பமும் பிரவுசிங் சென்டருக்குப் போனது, அக்கா பட்டுப்புடவையோடு. பக்கம் திறந்தது. டயல்-அப் புண்ணியத்தில் படம் மேலிருந்து இஞ்ச் இஞ்சாக இறங்கியது. முதலில் விபூதி. அப்புறம் புருவம். இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரியப்பாவின் மூக்குக்காகக் காத்திருந்த வேறு சந்தர்ப்பம் வரலாற்றில் இல்லை. முகம் முழுசாக வந்ததும் அதன் கீழே எழுத்து வந்தது: அழுகிய மாமிசம்.

ரஃபி நிலைமையைக் காப்பாற்றப் பாய்ந்தான். "தப்பா நெனச்சுக்காத நைனா. உன் மேல கேஸ் கீஸ் ஒண்ணும் இல்ல. எதுலயும் சேராத ஐட்டத்துக்கெல்லாம் உன் மூஞ்சி. அவ்ளோதான். இப்போதிக்கி வெச்சோம், அப்பால மாத்திக்கலாம்னு."

முதலில் வெடித்தது மாப்பிள்ளை. சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்தியும் முடியவில்லை. அடுத்த நொடி அக்கா. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். வீட்டுக் கூடத்தில் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தவள் அவனை நிமிர்ந்து பார்த்ததே அங்கேதான். "எனக்கு ஓகேம்மா" என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவன் அம்மா மறுபடி ஒருமுறை திரையைப் பார்த்து, அது போலீஸ் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தலையாட்டினாள்.

பெரியப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

ரிசப்ஷனில் மைக் அவர் கையில் இருந்தது. மாப்பிள்ளையின் அத்தை குடும்பம், பெண்ணின் மாமா குடும்பம் என்று ஒவ்வொரு கோஷ்டியாக மேடைக்கு அழைத்துப் போட்டோ எடுக்கவைத்தார். எங்கள் குடும்பத்தை அழைக்கும் நேரம் பார்த்து என்னை வெற்றிலைத் தட்டு எடுத்துவர அனுப்பிவிட்டார். திரும்பி வந்தால் எல்லோரும் எடுத்துக்கொண்டு இறங்கியாகிவிட்டது. எல்லாக் கோஷ்டியும் முடிந்தபின் மைக் கரகரத்தது.

"மிஸலேனியஸ்!"

மண்டபமே என்னைப் பார்த்தது. ஏறி, தட்டும் கையுமாக நின்றேன். "சார், இவரு பொண்ணு சைடா, மாப்ள சைடா?" என்று போட்டோகிராபர் குழம்பினார்.

"எதுலயும் சேராது. இப்போதைக்கு எடுங்கோ, அப்பறம் மாத்திக்கலாம்" என்றார் பெரியப்பா. அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

அந்தப் படம் அக்கா வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. இன்னும் மாற்றவில்லை.