சரக்கு வாசல் வழியாக உங்க நைனா

வரதய்யபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

பெங்களூரில் சுற்றுகிற நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் சௌபாக்கியவதி கலைவாணிக்கு, தாய்மாமன் துலுக்காணம் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அத்தை, எருமை மூன்று, எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பதற்கு ஏழுமலையான் பொறுப்பு. அவரிடம் நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ நடுவில் கேள்வி கேட்பாய். கடிதத்தில் கேட்க முடியாது. மேலும், தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்துவிட்டு, தடா பஸ் ஸ்டாண்டு போஸ்டர்களைப் பார்த்தே தமிழ் கற்றவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். நான் எழுதிய மனுவைப் படித்த ஒரு அதிகாரி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்றால் பார்த்துக்கொள்.

நிற்க. உன் நைனாவைப் பற்றிய கடிதத்தில் இந்த வார்த்தையைப் போடலாமா என்று யோசித்தேன். படித்தால் அவரே சிரிப்பார் என்று போட்டுவிட்டேன்.

அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு, தடாவுக்கு இந்தாண்ட இருக்கிற சாராய ஃபேக்டரியைச் சுற்றிப் பார்க்க நீ ஆன்லைனில் டிக்கெட் போட்டாய் அல்லவா? ஒரு சொட்டு குடிக்காத மனுஷனுக்கு இது என்ன பரிசு என்று ஊரே வாயைப் பிளந்தது. காரணம் எனக்கும் உனக்கும்தான் தெரியும். இருபத்தைந்து வருஷம் கரும்பு வெட்டியவர். சர்க்கரை ஆலையில் பிழிந்தது போக மிஞ்சுகிற பாகுதான் அந்த ஃபேக்டரிக்குப் போகிறது. கரும்பு டிராக்டர் கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போன இந்த ஆறு வருஷமும், 'நான் வெட்டனது கடைசில என்னா ஆவுதுன்னு ஒரு தபா கண்ணால பாத்துடணும் துலுக்காணம்' என்று சொல்லாத நாள் இல்லை.

என்னிடம் நீ ஒப்படைத்தது ஒரே வேலை. 'மாமா, ராம்ப் இருக்குதான்னு மட்டும் போன் பண்ணிக் கேட்டுடு, நைனாவுக்கு அது இல்லாம முடியாது' என்றாய். ராம்ப் என்றால் படிக்குப் பதிலாகச் சரிவாகப் போட்ட தளம், சக்கர நாற்காலி ஏறுவதற்கு. இது எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். அது இல்லாவிட்டால் ஆளைத் தூக்க வருவார்கள் என்பதும், தூக்குவது என்றால் உன் நைனாவுக்கு எப்படி என்பதும் தெரியும். திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ஊர் பார்க்க நாலு பேர் தூக்கி இறக்கினோம். அன்றைக்கே சொல்லிவிட்டார், 'இன்னும் ஒரே ஒரு தபாதான் என்னை நாலு பேர் தூக்கணும். அன்னைக்கு நான் பாத்துக்கினு இருக்க மாட்டேன்.'

அதனால் உடனே போன் போட்டு, 'ர்யாம்பு உந்தா?' என்று கலெக்டர் மாதிரி கணீரென்று தெலுங்கில் கேட்டேன். எடுத்தது வாச்மேன். 'உந்தி சார், ஃபுல்லா உந்தி, ரண்டி ரண்டி!' என்றான். நிறைய இருக்கிறது, வாங்க வாங்க என்கிறான். என்ன மரியாதை என்று பூரித்துப்போய் ஆட்டோ பிடித்தேன். பாவிப்பயல் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, நான் கேட்ட ராம்ப்பை ரம் என்று வாங்கியிருக்கிறான் என்பது போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

இறங்கிப் பார்த்தால், ஐயோ கலைவாணி, எனக்கு உயிரே போய்விட்டது. நாற்பது படி! அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறுகிற படியைப் பாதி பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். ராம்ப் மருந்துக்கும் இல்லை. சுற்றிக் காட்டுகிற பெண், சந்தியா என்று பெயர், தொப்பியெல்லாம் போட்டுக்கொண்டு ஓடி வந்து, 'ஒண்ணும் கவலையில்ல சார், நாலு பசங்க கீறாங்க, சேரோட தூக்கிடுவாங்க' என்று சிரித்தபடி சொல்கிறது. உன் நைனா முகம் அடி பிடித்த பாகு மாதிரி ஆகிவிட்டது.

'தூக்காதீங்கம்மா' என்றார்.

'அப்படின்னா ஆபீஸ் ரூம்ல வீடியோ போட்றோம் சார். ஏசி கூட கீது.'

'வீடியோ பாக்கவா இம்மாந்தூரம் வந்தேன்? அதை என் பொண்ணு போன்லயே அனுப்பியிருப்பாளே. துலுக்காணம், ஆட்டோவைக் கூப்புடு, ஊட்டுக்குப் போலாம்.'

பிறந்தநாளும் போச்சு, ஆறு வருஷ ஆசையும் போச்சு, நீ என் மேல் வைத்த நம்பிக்கையும் போச்சு என்று நான் இடிந்துபோய் நிற்கிறேன், அப்போது பக்கவாட்டில் தடதடவென்று ஒரு சத்தம், திரும்பினால் ரெண்டு ஆள் ஒரு பெரிய மரப்பீப்பாயை உருட்டிக்கினு போறானுங்க, படியில இல்லம்மா, சரிவுல, வழவழன்னு சிமெண்ட்டு, ரெண்டு பக்கமும் கைப்பிடி, ஓரத்துல மஞ்சக் கோடு வேற, கல்யாண மண்டபம் கணக்கா! அந்தப் பீப்பாய்க்குள்ள என்னா? ரம்!  ரம்முக்கு ராம்ப் போட்டிருக்கானுங்க கலைவாணி, மனுஷனுக்குத்தான் போடல!

அதற்குள் மேனேஜர் சுரேஷ்பாபு வந்துவிட்டார். 'அதி சரக்குக்கு மட்டும் சார். விசிட்டர்ஸ் எல்லாம் படி மேலதான் போவணும். ரூல்ஸ் ஒப்புக்காது' என்று தெலுங்கும் தமிழுமாகக் கையை விரித்தார். நான் விடுவேனா? சிங்கம் மாதிரி முன்னால் போய், 'அப்படின்னா கேட் புக்குல சரக்குன்னே எழுதிக்கோ மேனேஜரே! உன் பீப்பாயில உருள்றது இவர் வெட்டன கரும்புதான். அதுக்கு ஒரு வழி, வெட்டனவருக்கு ஒரு வழியா?' என்று கேட்டேன். ஃபேக்டரியில் மிஷினெல்லாம் நின்றுவிட்டது. சுரேஷ்பாபு கேவிக் கேவி அழுதார்.

கேட் புத்தகத்தில் எழுதினார்கள், 'சரக்கு: ஒன்று. பெயர்: கன்னையா.' உன் நைனா ரெண்டு சக்கரத்திலும் கை வைத்து, யாரும் தொடாமல், தானே தள்ளிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறினார். பீப்பாய் உருட்டுகிறவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். உள்ளே பெரிய தொட்டியில் பாகு நுரைத்துக்கொண்டிருந்தது. கிட்டே போய் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, 'நம்ம கரும்புதான் துலுக்காணம். வேற சொக்கா போட்டுக்கினு கீது' என்றார். பிறகு அரை மணி நேரம் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாராயம் வடிக்கிற இடம் மாடியில், இரும்புப் படி. அங்கே போக வழியில்லை. அண்ணாந்து பார்த்து, 'மீதி அடுத்த தபா' என்றார். தீபாவளிக்குள் முன்வாசலில் ராம்ப் கட்டுவதாகச் சுரேஷ்பாபு என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். ருசி பார்க்க ஒரு ரூம் இருந்தது. அந்தப் பக்கம் நான் திரும்பக்கூட இல்லை.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் வேதநாராயண சுவாமி துணையிருப்பார். அடுத்த முறை நாகலாபுரம் போகும்போது உன் பேரில் தேங்காய் உடைக்கிறேன். ஒரு மூடி சுவாமிக்கு, ஒரு மூடி எனக்கு.

இப்படிக்கு,
எதற்கும் அஞ்சாத உன் மாமன்,
துலுக்காணம்.

பி.கு.: கவர் ஒட்டப் பசை கேட்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் நைனா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டார். உண்மையை எழுதினால்தான் பசை என்கிறார். எழுதுகிறேன். படி நாற்பது இல்லை, ஒன்பது. சுரேஷ்பாபு அழவில்லை, தும்மினார். பீப்பாயைப் பார்த்ததும் உன் நைனா, சரக்கு என்று எழுதச் சொன்னதும் உன் நைனா. அந்த நேரத்தில் நான் படியேறிப்போய் ருசி பார்க்கிற ரூமில் இருந்தேன். நாலு கிளாஸ். சின்னக் கிளாஸ்தான். வாச்மேன் காதும் நல்ல காதுதான். நீ போன் பண்ணியபோது நான் மாவு மில்லில் நின்றிருந்தேன். 'ரம் இருக்குதான்னு கேளு, நைனாவுக்கு அது இல்லாம முடியாது' என்றுதான் காதில் விழுந்தது. குடிக்காத மனுஷனுக்கு இது எப்போ பழக்கம் ஆச்சு, பெத்த பொண்ணே வாங்கித் தருதேன்னு அதிர்ச்சியில ரெண்டு நாள் சோறு துன்னல. 'ரம்மு உந்தா?'ன்னு கேட்டது நான்தான்.

பசையைக் கொடுக்கும்போது ஒன்று கேட்டார். 'ஃபேக்டரிக்காரன உடு. உன் ஊட்டுக்கு எத்தினி படி?' நாலு. ஆறு வருஷமாக என் வீட்டுக்கு வந்தால் வெளியே வேப்பமரத்தடியில்தான் இருப்பார். காபியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுப்போம். காற்றுக்காக உட்காருகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் கலைவாணி. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மேஸ்திரி முனிரத்தினத்துக்குப் போன் போட்டு, 'உடனே வா, என் ஊட்டு வாசல்ல ராம்ப் போடணும்' என்றேன். கவரை ஒட்டுவதற்குள் வந்து நிற்கிறான். கரணை இல்லை, சிமெண்ட் இல்லை. கையில் ரெண்டு கிளாஸும் மாங்காய் ஊறுகாயும்.