வெயில், வெருகல் ஆற்றங்கரை, தனி ஆள்

மாரி காலத்தில் அதிசயமாக ஒருநாள் வெயில் எறித்தால் மூளையுள்ள மனிதர்கள் பாயைக் காயப்போடுவார்கள். நான் கவிதை எழுதப் போனேன். இதை வாய்விட்டு ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது. (கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய நோய் என்பது என் மனைவியின் கருத்து.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திருகோணமலை நகரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. இன்னும் நிரந்தரமாக்கவில்லை. எந்தத் திணைக்களம் என்று சொல்ல மாட்டேன். வெள்ளத்துக்கும் நிவாரணத்துக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிழமையாக விடாமல் ஊற்றிய மழையில் பாலையூற்றில் எங்கள் வீட்டுச் சுவர்களுக்கே சளி பிடித்திருந்தது. பிறகு ஒரு காலை எழும்பிப் பார்த்தால் பளீரென்று வெயில். உடனே எனக்குள் இருந்த கவிஞனும் எழும்பிவிட்டான். அதுவரை அவன் எழுதிய ஒன்றையும் எவரும் பிரசுரிக்கவில்லை. அவர்களையெல்லாம் அவன் பெருந்தன்மையோடு மன்னித்திருந்தான்.

அலுவலகத்தில் எங்கள் பெரியவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சேர், சரியான காய்ச்சல். எழும்ப ஏலாமக் கிடக்கு" என்று முனகினேன். முனகல் நன்றாகவே வந்தது. கவிதையை விட.

"நல்லாப் படுத்து எழும்பும். ஒண்டுக்கும் அவசரமில்லை" என்றார் பாவம் மனிதர்.

அரை மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் வெருகலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஆறு இருக்கிறது, கரையில் மருதமரம் இருக்கிறது, என்னைத் தெரிந்த ஒருவரும் இல்லை. வீட்டில் காய்ந்து கிடந்தது அலுவலகச் சட்டை ஒன்றுதான் என்பதால் அதைப் போட்டிருந்தேன். தாள் நனையாமல் இருக்க அலுவலகக் கோப்பு ஒன்றும் கையில். இந்த அலங்காரத்தோடு மரத்தடியில் போய் இருந்து, தாளின் தலையில் "வெயில்" என்று தலைப்பு எழுதினேன். பெரிய கவிஞர்கள் எழுதிய இடத்தையும் குறிப்பார்கள் அல்லவா? அதற்குக் கீழே "வெருகல் ஆற்றங்கரை" என்று எழுதினேன். பிறகு முதல் வரி: "தனியாகத்தான் வந்தாயா?"

அவ்வளவுதான். என் இலக்கிய வாழ்வு அந்த வரியோடு முடிந்தது.

எங்கள் மாவட்டத்துச் சனம் யுத்தம், சுனாமி, வெள்ளம் என்று எல்லாவற்றுக்கும் நிவாரணப் பட்டியலில் பெயர் கொடுத்துக் கொடுத்துப் பழகிப்போனது. அயன் பண்ணிய சட்டைக்காரன் ஒருவன் தாளும் பேனையுமாக மரத்தடியில் இருந்தால் அவன் பதியத்தான் வந்திருக்கிறான். கவிதை எழுத வந்திருப்பான் என்று நினைப்பதற்கு அவர்களுக்கு என்ன விசரா?

முதலில் வந்தவர் சிவமலர் அக்கா. வேலியில் மெத்தையைக் காயப்போட்டுக்கொண்டு நின்றவர், என்னைக் கண்டதும் வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு பொலித்தீன் பையோடு வந்தார். அதற்குள் அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி.

"சேர், பதியிறீங்களோ? எங்கட வீட்டுக்கை இடுப்பளவு தண்ணி."

"இல்லையக்கா, நான் பதிய வரேல்லை."

"எல்லாரும் முதல்ல அப்பிடித்தான் சொல்லுறவை" என்றவர், திரும்பி ஊருக்கே கேட்கக் கூப்பிட்டார். "பதியினமடி! ஓடி வாங்கோ!"

பத்து நிமிடத்தில் வரிசை ஆற்றங்கரை வளைவு வரைக்கும் போய்விட்டது. எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை வந்தது. தேத்தண்ணி வந்தது. மத்தியானம் சோறும் பொரித்த மீனும் வந்தன. (சாப்பிட்டேன். என் வெட்கத்துக்கும் வயிற்றுக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை.) நான் யார் என்ற உண்மையைச் சொல்ல ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சந்தர்ப்பம் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஈரச் சீலையோடு நின்ற ஒரு மனுசியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த ஆள்" என்றேன். வேறு தாள் எடுக்கவும் தோன்றாமல் கவிதைக்குக் கீழேயே எழுதிக்கொண்டு போனேன்.

தாள்கள் முடிந்ததும் விட்டால் போதுமென்று எழும்பினேன். சிவமலர் அக்கா விடவில்லை. பெயர்கள் சரியா என்று பார்க்க வாங்கி வாசித்தார்.

"வெயில். வெருகல் ஆற்றங்கரை. தனியாகத்தான் வந்தாயா... ஆர் சேர் இது? எங்கட ஊரில வெயில் எண்டு ஒருத்தரும் இல்லையே?"

"அது... ஆத்துக்கு அங்கால ஆள்" என்றேன்.

"தனி ஆளோ?"

"ஓம். தனி ஆள்."

"பாவம்" என்றார் அக்கா.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தத் தாள்களை ஆற்றில் விட்டிருக்கலாம். கை வரவில்லை. அவ்வளவு சனமும் என்னை நம்பிக்கொண்டு நிற்கிறது, நான் பொரித்த மீனும் தின்றுவிட்டேன். அந்தப் பகுதிக் கிராம சேவகரிடம் (சனத்துக்கு அவர் இன்றைக்கும் விதானையார்தான்) கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் வேலையை வேறொருவன் முடித்துவிட்ட சந்தோசத்தில் அவர் எனக்குக் கை கொடுத்தார். "எந்த ஒபிஸ்?" என்று கேட்டார். பழக்கதோசத்தில் சொல்லித் தொலைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து எங்கள் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் விதானையார் அனுப்பிய ஒரு நன்றிக் கடிதம். உங்கள் உத்தியோகத்தர் இன்ன திகதியில் நேரில் வந்து ஆற்றிய சேவை பாராட்டத்தக்கது என்று எழுதியிருந்தது. அந்தத் திகதியைச் சுற்றிப் பெரியவர் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தார். கடிதத்தின் கடைசியில் இன்னொரு வரி: "பட்டியலில் முதலாவதாக உள்ள வெயில் என்பவரின் உலர் உணவுப் பொதி இதுவரை பெற்றுக்கொள்ளப்படவில்லை. அன்னாரின் இருப்பிடத்தை அறியத்தரவும்."

"உமக்கு அண்டைக்குக் காய்ச்சல் என்ன?" என்றார். "அது சுகமாயிட்டுது போல. நீரே போய் இந்த வெயிலைத் தேடிப் பிடிச்சு, கையெழுத்து வாங்கிக்கொண்டு வாரும்."

போனேன். அன்றைக்கு நல்ல மழை. விதானையார் பொதியையும், வெயில் கையெழுத்துப் போடவேண்டிய படிவத்தையும் தந்தார். நேரே சிவமலர் அக்கா வீட்டுக்குத் தூக்கிப்போய், நனைந்த கோழி போல வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல் பொய், பதிவு பொய், வெயில் என்று ஓர் ஆளே இல்லை. அது நான் எழுதிய கவிதை. சொல்லி முடித்தபோது எனக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது.

அக்கா, அதுவரை "சேர்" என்றவர் "தம்பி"க்கு இறங்கினார்.

"கவிதையோ? அந்த ஒரு வரியோ?"

"ஓம் அக்கா."

"அதுக்கே இவ்வளவு அரிசியெண்டால், நீங்கள் முழுசா எழுதியிருக்கலாம் தம்பி."

பிறகு சிரித்தார், சிரித்தார், சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பொதியைத் திருப்பிக் கொண்டுபோக விடவில்லை. தாள் முடிந்தது என்று நான் எழும்பியபோது வரிசையின் கடைசியில் நின்ற மனுசி பதியப்படாமலே போயிருந்தாராம். பக்கத்து வளவிலிருந்து அவரைக் கூப்பிட்டுப் பொதியைக் கொடுத்துவிட்டு, என் கையிலிருந்த படிவத்தை வாங்கி, கையெழுத்து இடத்தில் "வெயில்" என்று தடித்த எழுத்தில் தானே எழுதித் தந்தார்.

பெரியவர் அந்தக் கையெழுத்தை நெடுநேரம் பார்த்தார். வேலையை விட்டுத் தூக்கவில்லை. நிரந்தரமாக்குவதை மட்டும் ஒரு வருடம் தள்ளிவைத்தார். எனக்கு அது குறைவான தண்டனைதான்.

கவிதைப் பக்கம் நான் பிறகு போகவேயில்லை. ஆனால் சிவமலர் அக்கா என் தொலைபேசி இலக்கத்தை அன்றைக்கே வாங்கி வைத்துவிட்டார். ஒவ்வொரு மாரிக்கும், மழை நாலு நாள் தொடர்ந்து பெய்தால் அழைப்பு வரும். மனைவி எடுத்து, சிரிப்பை அடக்க முடியாமல் ஒலிபெருக்கியில் போடுவாள். பிள்ளைகள் ஓடிவந்து சுற்றி நிற்பார்கள்.

"தம்பி, தண்ணி படி வரைக்கும் வந்திட்டுது. உங்கட ஆளை ஒருக்கா அனுப்பி விடுங்கோ."

வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். அக்காவும் அந்தப் பக்கத்தில் சிரிப்பார். நான் மட்டும் எழும்பிப் போய் யன்னலைத் திறந்து, வெருகல் இருக்கிற தெற்குப் பக்கம் வானம் கொஞ்சமாவது வெளிக்கிறதா என்று பார்ப்பேன்.