மாமனார் கடிகாரத்தில் விழுந்த வேர்வை

ஒரு வேலையை அரைகுறையாகத் தெரிந்தவனுக்கு இருக்கும் மனஉறுதி முழுதாகத் தெரிந்தவனுக்கு வராது. இருபத்தாறு வயதில் எனக்கு அது ஏராளமாக இருந்தது.

எண்பதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்தேன். கல்யாணமாகி மூன்று மாதம். சின்னாளபட்டியில் மாமனாரின் சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் நின்றுபோயிருந்தது. அவருடைய அப்பா கட்டியது. அதைக் கட்டாமல் அவர் தறியில்கூட உட்கார மாட்டார். நானே சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். (யாரும் கேட்கவில்லை.) அடுத்த ஞாயிற்றுக்கிழமை இடுக்கியும் பூதக்கண்ணாடியுமாகப் போய் இறங்கினேன்.

பழைய கடிகாரத்தின் உயிர் அதன் ஹேர் ஸ்பிரிங். முடியைவிட மெல்லிய சுருள். அதில் தூசி படக்கூடாது, விரல் படவே கூடாது என்று எங்கோ படித்திருந்தேன். மாமனார் வீடோ நெசவு வீடு, காற்றில் பாதி பஞ்சு. நான் அசரவில்லை. தறிகளை நிறுத்தச் சொன்னேன். ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் அணைத்தேன். சித்திரை மாதம், உச்சிப்பொழுது. தாளிக்கப் போன மாமியாரையும் புகை வரும் என்று தடுத்துவிட்டேன். புது மாப்பிள்ளையை யார் என்ன சொல்ல முடியும்? வீடே மூச்சை அளந்து விட்டுக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருந்தது.

ஸ்பிரிங்கை அலுங்காமல் எடுத்து வெள்ளைத் துணியில் வைத்து, கண்ணாடி டம்ளரால் மூடினேன். சக்கரத்தில் சிக்கியிருந்த ஒரு பஞ்சிழையை உருவினேன். அதுதான் வியாதி. வெற்றியோடு குனிந்து டம்ளரைத் தூக்கினேன். என் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை, குறி வைத்ததுபோல் ஸ்பிரிங்கின் மேல் விழுந்தது.

பதறிப்போய் விரலால் துடைத்தேன். அது விரலோடு சேமியாவாக வந்தது.

என் மனைவி கமலா மெதுவாகச் சொன்னாள்: "தொடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக."

மாமனார் காற்றாட நின்றுவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். திட்டியிருந்தால் தேவலை. இது ஓடாமல் சாப்பிடுவதில்லை என்று அறிவித்துவிட்டு மல்லுக்கட்டினேன். இரண்டு மணி நேரத்தில் சிக்கல் இன்னும் இறுகியது.

கொழுந்தியாள் செல்வி சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவள். கடுகு கடுகாக நாள் முழுக்க முடிவாள். பொறுத்துப் பார்த்தவள், முதலில் மின்விசிறியைப் போட்டாள்.

"செத்த நேரம் நகருங்க அத்தான். எங்க முடிச்சுக்கு இது எம்புட்டோ பெருசு."

இரண்டு ஊசிகளால், விரல் படாமல், வளையம் வளையமாகப் பிரித்தாள். மாட்டியதும் கடிகாரம் ஓடியது.

ஓடியது என்றால், ஓட்டமாக ஓடியது. என் வேர்வையில் இரண்டு வளையங்கள் ஒட்டிக்கொண்டு ஸ்பிரிங்கின் நீளம் குறைந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. பொழுது சாய்வதற்குள் நாற்பது நிமிடம் முந்தியிருந்தது. கடையில் கொடுக்கலாம் என்று கெஞ்சினேன்.

"மாப்ள கை வச்சத இன்னொருத்தன் தொடக் கூடாது" என்றுவிட்டார் மாமனார். (மரியாதையா, தண்டனையா, இன்றுவரை தெரியவில்லை.) அதன்பிறகு எந்தக் கல்யாணத்திலும் மண்டபத்துக் கதவு திறக்கும் முன்பே அவர் வாசலில் நின்றார்.

போன வருடம் என் மகளின் நிச்சயதார்த்தம். முகூர்த்தம் பத்தரைக்கு என்றார் ஐயர். எங்கள் பக்கத்து ஆட்கள் மொத்தமாகக் கேட்டார்கள்: "ஊர் மணியா, மாப்ள மணியா?"

சம்பந்தி புரியாமல் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், செல்வி அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தாள்.