ஓட்டைக் காலணாவில் பௌர்ணமி

ராயபுரம்,
விகிர்தி வருஷம், ஆவணி 15

மரியாதைக்குரிய அத்தான் சங்கரநாராயணன் அவர்களுக்கு, ராயபுரம் கருப்பட்டிக் கடை மாசானம் கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை பூமாரியும், என்னுடைய இடது கணுக்கால் நீங்கலாக, சௌக்கியம். அங்கே அக்காளும் மருமகள் மலர்க்கொடியும் சினைமாடும் சௌக்கியந்தானா என்று அறிய ஆவல்.

தாங்கள் ஒப்படைத்த வேலையைக் கச்சிதமாக முடித்துவிட்டேன். இங்கே கயிறும் வலைநூலும் விற்கிற தங்கபுஷ்பம் அம்மாளின் மகன் வைகுண்டத்துக்கு நம் மலர்க்கொடியைப் பேசி நாலு மாதமாகியும், அந்த அம்மாள் தேதி சொல்லாமல் இழுக்கிறார் என்று எழுதினீர்கள். பையனுக்குப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி சித்தம் கலங்குகிறது, அன்று கடையை விட்டுக் கடற்கரைக்கு ஓடித் தொண்டை கட்டும்வரை கத்துகிறான் என்று பட்டணத்திலிருந்து வந்த யாரோ உங்கள் காதில் ஓதியதையும் எழுதினீர்கள். அந்த யாரோவை நான் சும்மா விடமாட்டேன். போன வருஷம் திருச்செந்தூர் வரன் கலைந்ததும் இப்படி ஒரு யாரோவின் பேச்சால்தான். அன்றைக்கு மலர்க்கொடி அடுப்பங்கரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுததைப் பார்த்தவன் நான். இன்னொரு தரம் பார்க்க எனக்குத் தெம்பில்லை, அத்தான். அதனால்தான் ஆளை அனுப்பாமல் நானே கிளம்பினேன்.

பௌர்ணமி என்றால் என்ன என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன். வாரப் பத்திரிகையின் விஞ்ஞானப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிக்கிறவன் நான். சந்திரன் ஒரு கல்லுருண்டை. சொந்த வெளிச்சம் கிடையாது. சூரியன் ஒரு பக்கம், சந்திரன் எதிர்ப்பக்கம், நடுவில் நாம். அதனால் அதன் முகம் முழுக்க வெயில் விழுகிறது, அவ்வளவே சங்கதி. எங்கோ கிடக்கிற கல்லில் வெயில் விழுந்தால் ராயபுரத்தில் வலைநூல் விற்கிறவனுக்கு ஏன் புத்தி பேதலிக்க வேண்டும்? இதையெல்லாம் பூமாரிக்குச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிதான். இந்த எலுமிச்சம்பழத்தை மடியில வச்சுக்கிடுங்க. அந்தப் பிள்ளை மேல உள்ளது உங்க மேல தாவிரக் கூடாதுல்லா" என்றாள். வீட்டு அமைதியைக் கருதிச் செருகிக்கொண்டேன். விஞ்ஞானத்துக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. பொழுது சாயக் காசிமேட்டுக் கரைக்குப் போய்விட்டேன். சும்மா நின்றால் வேவு பார்க்க வந்தவன் என்று தெரிந்துவிடுமே, அதற்காகப் பத்திரிகையில் சொன்ன ஒரு சோதனையையும் கையோடு செய்துவிடலாம் என்று ஓர் ஓட்டைக் காலணா எடுத்துப் போயிருந்தேன். உதயத்தில் சந்திரன் பெரிதாகத் தெரிவது கண்ணின் ஏமாற்று. காலணாவைக் கை எட்டுமட்டும் நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடு ஓட்டை வழியாகப் பார்த்தால், கீழே இருந்தாலும் மேலே ஏறினாலும் அளவு ஒன்றுதான். சூரியன் மேற்கே விழுந்த கையோடு கடலுக்குள்ளிருந்து சந்திரன் தாம்பாளம் அகலத்துக்கு எழும்பியது. காலணாவை நீட்டினேன். அத்தனை பெரிய சந்திரன் ஓட்டைக்குள் அடங்கிவிட்டது! சந்தோஷத்தில் நான் கொஞ்சம் உரக்கவே "ஆகா" என்றிருக்க வேண்டும். பக்கத்தில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்த மீன்காரி கன்னியம்மா, நம் கடையில் தினமும் கருப்பட்டி வாங்குகிறவள், எழுந்து வந்தாள்.

"இன்னா நைனா பண்ணிகினு கீறே?"

"சந்திரனை அளக்கிறேன்."

"காலணாவுக்கா வாங்கப் போறே?"

அவளுக்கும் விஞ்ஞானம் தெரியட்டும் என்று விளக்கினேன். சந்திரன் மேலே ஏற ஏற நானும் அண்ணாந்துகொண்டே போனேன். அண்ணாந்த வேகத்தில் மடி நெகிழ்ந்து எலுமிச்சம்பழம் உருண்டு அவள் காலடியில் போய் நின்றது. கன்னியம்மா நாலடி பின்னால் தாவினாள். "அய்யய்யே! தேசப்பா, ஓடியா! கருப்பட்டிக் கடை நைனாவுக்குப் பௌர்ணமி புட்சிகிச்சு!" என்று அவள் போட்ட கூச்சல் திருவொற்றியூர்வரை கேட்டிருக்கும். தேசப்பன் என்கிற கட்டுமரக்காரன் பத்துப் பேரோடு ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "பேஜார் பண்ணாத நைனா, நாங்க வூட்டாண்ட வுட்டுர்றோம்" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னான். நான் சூரியன் ஒரு பக்கம், சந்திரன் ஒரு பக்கம் என்று ஆரம்பித்ததும் பிடி இன்னும் இறுகியது. அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து, சட்டையில்லாமல், உடம்பெல்லாம் மணலும் குரலெல்லாம் கரகரப்புமாக ஒரு பையன் எட்டிப் பார்த்து, "மாமா, நீங்களா?" என்றான். வைகுண்டம்தான்!

விஷயம் இதுதான், அத்தான். தேசப்பன் வாயாலேயே சொல்கிறேன். "நிலா வெளிச்சத்துல மீனு வலையப் பாத்துகினு ஓடிப்பூடும் நைனா. பௌர்ணமின்னா எங்களுக்கு லீவு. சும்மா குந்திகினு கீறதுக்கு சடுகுடு ஆடுவோம். வைகுண்டம் நம்ம தோஸ்து. அவன் பாடிகினு வந்தா புடிக்க ஏழு ஆளு வோணும்." பையன் கத்துகிற கத்தல் சடுகுடுப் பாட்டு! போன வருஷம் தோள் எலும்பு விலகினபோது, இனி ஆடுவதில்லை என்று தாயின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறான். ஆனால் கால் கேட்கவில்லை. மணலும் கீறலுமாக வீடு திரும்புகிறவனைப் பார்த்து, சந்திரன்தான் பிள்ளையை அலைக்கழிக்கிறது என்று அந்த அம்மாள் தாயத்துக் கட்டியிருக்கிறார். இவனும் அதுவே சௌகரியம் என்று விட்டுவிட்டான். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க மாமா, நொந்து போயிருவாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். வாக்குக் கொடுத்தேன்.

அத்தோடு வீடு திரும்பியிருக்கலாம். ஓர் ஆள் குறைகிறது என்றார்கள். நம் ஊர்த் தேரிமணலில் நான் சடுகுடு ஆடிய காலத்தை எடுத்துச் சொல்லி வேட்டியை மடித்துக் கட்டினேன். நான் பாடிக்கொண்டு போன அழகைக் காசிமேடே பார்த்தது. ஒருவனாலும் என்னைப் பிடிக்க முடியவில்லை. நண்டு வளைதான் பிடித்தது. வைகுண்டம் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு வீடுவரை நடந்தான், ஓர் இடத்தில்கூட இறக்கி வைக்கவில்லை. கன்னியம்மா முன்னால் நடந்து, வழியில் கேட்டவர்களுக்கெல்லாம், "பாவம், பௌர்ணமி புட்சிகிச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அதனால் தெருவில் என்னைப் பற்றிச் சில்லறைப் பேச்சு இருக்கிறது. நான் பொருட்படுத்தவில்லை, உண்மை தெரிந்தால் தானே அடங்கிவிடும்.

ஆகவே, என் முடிவு: பையன் தங்கம். மூன்று நாளாகக் கடை சாத்தியதும் வந்து என் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறான். அவன் கையில் மலர்க்கொடி நன்றாக இருப்பாள். பௌர்ணமிக்கும் பைத்தியத்துக்கும் சம்பந்தமில்லை என்று யார் கேட்டாலும் என் பெயரைச் சொல்லியே அடித்துப் பேசுங்கள். அவசரமும் வேண்டாம், தை மாதத்தில் நிதானமாகச் செய்யலாம். அக்காளுக்கு என் நமஸ்காரம். மலர்க்கொடிக்கு மாமன் மனம் குளிர்ந்து ஆசீர்வாதம் சொன்னதாகச் சொல்லவும். மாடு ஈன்றதும் எழுதவும்.

தங்கள் மைத்துனன்,
மாசானம்

பி.கு.: தபாலில் சேர்க்கப் போகும் நேரத்தில் தங்கபுஷ்பம் அம்மாள் பழத்தட்டோடு வந்துவிட்டார், பின்னால் வைகுண்டமும். உள்ளே நுழைந்ததும் பூமாரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எம்பிள்ளைக்கு இப்படி இருக்கே, மறைச்சுக் கட்டி வச்சா அந்தப் பொண்ணு கண்ணீரு எங்களைச் சும்மா விடுமான்னுதாம்மா தேதி சொல்லாம இழுத்தேன். உங்க வீட்டுலயும் உண்டுன்னு இப்பத்தான் கேள்விப்பட்டேன். தாய்மாமனைப் பாத்துப் பழகுன பொண்ணு எம்பிள்ளையை ஒதுக்க மாட்டா. செவ்வாய் தோஷத்துக்குச் செவ்வாய் தோஷம் சேக்குத மாதிரி, பௌர்ணமிக்குப் பௌர்ணமி சரியாப் போச்சு. இந்த ஆவணிக்குள்ளயே முடிச்சிருவோம்" என்றார். சூரியன் ஒரு பக்கம், சந்திரன் ஒரு பக்கம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த அம்மாளின் முதுகுக்குப் பின்னால் வைகுண்டம் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றான். எனக்கு அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்த மலர்க்கொடியின் முகம் நினைவுக்கு வந்தது. மேசைமேல் கிடந்த ஓட்டைக் காலணாவை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பட்டப்பகலில் வீட்டு விட்டத்தை அளக்க ஆரம்பித்தேன். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டைப் பூமாரியின் கையில் கொடுத்தார். ஆகையால் மேலே எழுதிய அத்தனையையும் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, உடனே முகூர்த்தம் பாருங்கள். யார் கேட்டாலும், மைத்துனன் மாசானத்துக்குப் பௌர்ணமிப் பைத்தியம் பரம்பரையாக உண்டு என்று தைரியமாகச் சொல்லுங்கள். அக்காளிடம் மட்டும், பரம்பரை என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள்.