குளியல் தொட்டியில் பெரியவர்

அந்த வீட்டில் கடைசியாக ஒருவர் குளித்து நூற்று இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது.

குளியல் தொட்டியில் பெரியவர் இருந்தார். பெரியவர் என்பது பல் டாக்டர் ஒரு ட்ரவுட் மீனுக்கு வைத்த பெயர். மூன்று வருடமாக அவருடைய தூண்டிலுக்குத் தண்ணி காட்டிய மீன். மழை பொய்த்து ஆறு வற்றியபோது, கணுக்கால் ஆழக் குட்டையில் தவித்துக்கொண்டிருந்ததை அவரே வாளியில் அள்ளி வந்தார்.

"வாளியில அள்ளினா அது கணக்குல வராது," என்றார் மனைவியிடம். "மழை வரட்டும். ஆத்துல விட்டு, முறைப்படி தூண்டில் போட்டுப் பிடிக்கிறேன்."

"அதுவரைக்கும் நான்?"

"ஈரத்துணியால துடைச்சுக்கோ. வறட்சி எல்லாருக்கும்தான்."

ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். ஐஸுக்காக டாக்டர் ஓயாமல் ஃப்ரீசரைத் திறந்து மூடியதில், மறுநாளே ஃப்ரிட்ஜ் கையை விரித்தது. அதன்பிறகு எதை வாங்கினாலும் அன்றே சமைக்க வேண்டியிருந்தது. மனைவி தினமும் மீன் வறுத்தாள். பெரியவர் மனம் நோகக் கூடாதென்று டாக்டர் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்து, காற்று போதாமல் மீன் வாயைப் பிளந்தது. கிளினிக்கில் பல் துளைக்கும் கருவிக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரைக் கழற்றி வந்து, அதன் குழாயைத் தொட்டிக்குள் விட்டார். இங்கே குமிழி வந்தது. அங்கே வேலை நின்றது. பல்வலிக்காரர்கள் வீடு தேடி வந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஹாலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருவர் வீக்கத்துக்கு ஐஸ் கேட்டார். கடையில் வாங்கி வைத்திருந்த ஐஸ் பெரியவருக்கு மட்டும்தான் என்று டாக்டர் வருத்தத்துடன் விளக்கினார்.

தினமும் மதியம் ஐஸ் வாங்கப் போய்வருவார். வந்ததும் முதலில் தொட்டியைத்தான் எட்டிப் பார்ப்பார்.

"நேத்தைவிடப் புள்ளி கம்மியா தெரியுதே?"

"கவலையில எனக்கே முடி கொட்டுது," என்றாள் மனைவி. "அதுக்குப் புள்ளி கொட்டாதா?"

இதில் விஞ்ஞானம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. ஆனாலும் குளிக்காதவளிடம் வாதாடத் தைரியம் வரவில்லை.

ஆறாம் நாள் விடிய விடிய மழை கொட்டியது. ஆற்றில் தண்ணீர் ஓடுவதைப் போய்ப் பார்த்துவிட்டு, டாக்டர் துள்ளிக்கொண்டு வந்தார். பெரியவரை வழியனுப்பப் பல்வலிக்காரர்களும் குளியலறை வாசலில் கூடிவிட்டார்கள். அவசரம் வேண்டாம், இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்றாள் மனைவி. ஆறு நாளாகக் குளிக்காதவள் இப்படிச் சொன்னது எல்லோருக்கும் நெகிழ்ச்சியாக இருந்தது.

அந்த நேரத்தில், மூடிய வாளியுடன் நனைந்தபடி உள்ளே வந்தார் ஊர்க்கோடியில் மீன் பண்ணை வைத்திருப்பவர். மனைவி அவரைப் பார்த்து வேண்டாமென்று வேகமாகத் தலையாட்டினாள். அவர் கவனிக்கவில்லை.

"உங்களுக்கும் பல்வலியா?" என்று டாக்டர் வழி விட்டார்.

வந்தவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நேத்து நான் குடுத்தது இன்னும் சாகலையே. இன்னைக்குக் கொண்டு வந்தத நேரா வறுத்துடுறீங்களா?"