ஒன்றியத்தை எதிர்த்த ஐயாதுரை சி பின்னிடம் பட்ட பாடு

வாழ்க ஐயாதுரை! மஞ்சள் பலகைத் தொலைபேசிக் கூண்டில் தோன்றி, ரீசார்ஜ் கூப்பன் சுரண்டிச் சுரண்டிப் பெருவிரல் நகம் தேய்ந்து, சிம் கார்டுப் பேரரசு கண்ட செல்பேசிச் செம்மல் வாழ்க! ஊர் மேட்டில் சிவப்பு விளக்கைச் சிரசில் சூடி நிற்கும் டவர்த் தாயே, அவர் சரிதம் சொல்லப் புகும் நாவுக்கு நாலு கோடும் குறையாமல் சிக்னல் தந்து காப்பாயாக. நடுவில் கட் ஆகாமல் பார்த்துக்கொள்வாயாக. கேளுங்கள் என் செல்வங்களே, காலை மடக்கி உட்கார்ந்து கேளுங்கள். கால் மரத்தால் நீட்டிக்கொள்ளுங்கள், காவியம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஷிப்டு முடிந்த மில் ஆட்கள் வரிசைகட்டி நின்று தூரதேசத்து உறவோடு பேசிய காலத்தில், மீட்டர் ஓட ஓட அவர்கள் முகம் வாட, தன் முகம் வாடாமல் வீற்றிருந்தவர் அவர். கூண்டு போய்க் கூப்பன் வந்தது. கூப்பன் போய்க் கைப்பேசி வந்தது. ஊழிக்கு ஊழி போர்டு மாற்றி, கடைசியில் ஒற்றை மகளின் பெயரை ஒளிவிளக்கில் எழுதி ‘ஜாஸ்மின் டெலிகாம்’ என்று கொடி நாட்டினார். உலகத்தில் போன் உள்ளவரை சின்ன பின் இருக்கும் என்று நம்பி, மழைக்கு முந்திய எறும்பைப் போல, சின்ன பின் சார்ஜர்களைக் கோணி கோணியாய் வாங்கி மச்சு முட்ட அடுக்கினார்.

அந்த நம்பிக்கையின் உச்சந்தலையில்தான் இடி விழுந்தது. ஏழு கடலுக்கு அப்பாலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் என்னும் பல்முடி மன்னர் பேரவை, இனி எல்லாப் போனுக்கும் ஒரே பின், அதுவும் சி பின், என்று சட்டம் போட்டது. போட்ட சட்டம் கப்பல் ஏறிற்றோ காற்றில் ஏறிற்றோ, கடைப்படி ஏறுகிற ஒவ்வொருவரும் ‘அண்ணாச்சி, டைப் சி இருக்கா’ என்றே கேட்டார்கள். கேட்டவர்களின் குரல் ஒவ்வொன்றும் வேலாய்ப் பாய, கோணிகளுக்கு நடுவே நின்று வலக்கை உயர்த்தி அவர் சூளுரைத்தார்:

“அந்தப் பின்ன காசு குடுத்து வாங்க மாட்டேன். கடையில வச்சு விக்க மாட்டேன். கையால தொட மாட்டேன். ஐரோப்பிய ஒன்றியம் ஒழியிற வரைக்கும் இந்த ஐயாதுரை ஓயப்போறதில்ல.”

அன்றே ஒன்றிய எதிர்ப்பு இயக்கம் பிறந்தது. தலைவர் அவர், பொருளாளர் அவர் மனைவி தங்கபாய், அவளைக் கேட்காமலேயே. ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் ஜாஸ்மின், தானிருக்கும் ஊரே அந்த ஒன்றியத்துக்குள்தான் இருக்கிறது என்று போனில் எடுத்துச் சொன்னாள். ‘ஒன்ன நான் எதிர்க்கல தாயி, ஒன் ஊரு பின்னத்தான் எதிர்க்கேன்’ என்று பெருந்தன்மை காட்டினார் தந்தை. அந்தப் பிள்ளை ஆசையாய் அனுப்பிய புதுப் போனிலும் சி பின்னே பொருந்தும் என்று கண்டபோது, போனை மகளின் அன்பென்று மார்போடு அணைத்து, கூட வந்த வயரை மட்டும் அந்நிய ஆதிக்கமென்று பிரித்து, வேட்டி நுனியால் பிடித்து அய்யனார் கோவில் ஆற்றில் விட்டுவந்தார்.

அப்படியானால் போனுக்கு எப்படி உயிர் வந்தது என்று கேட்பீர்கள். தங்கபாய் அரிசி டிரம்முக்குள் இன்னொரு வயர் ஒளித்து வைத்திருந்தாள். அவர் கண்ணயர்ந்ததும் மாட்டுவாள், விழிக்குமுன் கழற்றுவாள். காலையில் நிறைந்து ததும்பும் போனைப் பார்த்து, இது இயக்கத்தின் தவவலிமை என்று ஐயாதுரை மெய்சிலிர்ப்பார். அவள் அதே டிரம்மிலிருந்து உலைக்கு அரிசி அளப்பாள்.

இப்படியிருக்க, பெரும்போருக்கு நாள் குறித்தார். ஐரோப்பாவுக்குப் போக வழியில்லை. சொந்த ஊர் ஒன்றியத்தைப் பகைத்துக்கொள்ள மனமில்லை. ஆனால் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஊராட்சி ஒன்றிய அலுவலகம் இருந்தது. ஒன்றியத்துக்கும் ஒன்றியத்துக்கும் உள்ளுக்குள் தொடர்பு இல்லாமலா போகும், இங்கே குரல் கொடுத்தால் மேலே போய்ச் சேராதா என்பது அவர் வகுத்த வியூகம். ஜாஸ்மினின் பேறுகாலத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதென்று தங்கபாய் தங்கை வீட்டு விசேஷத்துக்கு நாகர்கோவில் புறப்பட்டுப் போக, அவள் பையோடு அரிசி டிரம் வயரும் போனதை அறியாத வீரர், ஃபிளெக்ஸைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கி, ஒரு பை நிறையச் சின்ன பின் சேனையைத் திரட்டி, டவுன் பஸ் என்னும் தேரில் நின்றுகொண்டே எழுந்தருளினார்.

வேப்பமர நிழலில் ஃபிளெக்ஸ் விரிந்தது. பதிவு செய்த முழக்கம் போனிலிருந்து ஸ்பீக்கர் வழியே இடியென எழுந்தது: “ஒன்றியமே, பின்னை மாத்து!” வீட்டுத் திட்டத்தில் தன் பேர் எப்போது வரும் என்று கேட்க வன்னியம்பட்டியிலிருந்து வந்து காத்திருந்த பெத்தம்மாள், பொழுது போகாமல் அருகே வந்தாள்.

“எந்த ஒன்றியம் அண்ணாச்சி? நம்ம ஒன்றியமா, ராஜபாளையத்து ஒன்றியமா?”

“ஐரோப்பிய ஒன்றியம்மா.”

“அது எந்தப் பக்கம்? அங்கயும் பி.டி.ஓ. உண்டா?”

உண்டென்றும் இல்லையென்றும் சொல்ல ஐயாதுரை வாய் திறக்கும் முன்னே முழக்கம் நின்று போன் அடித்தது. மருமகன் பிரேம்குமார், ஜெர்மனி ஆஸ்பத்திரியிலிருந்து.

“மாமா, நாளுக்கு முந்தியே வலி வந்துட்டு, அவள உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. போனக் கையிலயே வச்சிருங்க. பிள்ளை பொறந்ததும் மொதல்ல அப்பாவுக்குத்தான் காட்டணும்னு சொல்லிட்டுப் போயிருக்கா.”

பேரப்பிள்ளையின் முதல் முகம்! ஐயாதுரையின் நெஞ்சு பாலாய்ப் பொங்கிற்று. பொங்கிய நெஞ்சோடு திரையைப் பார்த்தார். அங்கே, முழக்கமிட்டே மூச்சிழந்த பேட்டரி, போர்க்களத்தில் கடைசிக் கண் சிமிட்டும் காயப்பட்ட வீரனைப் போலச் சிவந்து கிடந்தது.

பதறிப் பையைக் கவிழ்த்தார். சின்ன பின் சேனை சிதறியது. ஒருவனை எடுத்துக் கோட்டை வாயிலில் மோதினார், வாயில் வழிவிடவில்லை. திருப்பி மோதினார், சாய்த்து மோதினார், ஊதி மோதினார், எச்சில் தொட்டும் மோதினார், யானைப்படை முட்டியும் அசையாத கதவைப்போல அந்த ஓட்டை அசையாமல் நிற்க, எதிரே போன் கடையில் சி பின் வயர்கள் கொத்துக் கொத்தாய்த் தொங்கிக் காற்றில் ஆடி, ‘வா ஐயாதுரை, வா’ என்று அழைத்தன. ஓர் அடி வைத்தார். காசு கொடுத்து வாங்க மாட்டேன் என்ற சபதம் காலைப் பிடித்தது. ஜாஸ்மின் முகம் கையைப் பிடித்து இழுத்தது. நடுரோட்டில், முன்னும் போகாமல் பின்னும் வராமல், ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிக்க, அந்த மாவீரர் கண்கலங்கி நின்றார்.

பெத்தம்மாள் போய் அவரைக் கரைக்கு இழுத்துவந்தாள். தன் மஞ்சப்பையைத் துழாவி, நடுவில் நைந்து துணி சுற்றிய ஒரு சார்ஜர் வயரை உருவினாள். அதைக் கண்ட ஐயாதுரை இரு கைகளையும் முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டார்.

“சி பின்னு. தொட மாட்டேன்னு சொல்லியிருக்கேம்மா.”

“நீங்க ஏன் தொடுதீக? நான் மாட்டுதேன். இது ஒன்றியத்துல குடுத்தது இல்ல அண்ணாச்சி, சந்தையில எம்மவன் வாங்கிக் குடுத்தது.”

வாங்கவில்லை, விற்கவில்லை, தொடவில்லை. சபதத்தின் மூன்று கோட்டைகளும் கல் பெயராமல் நிற்க, நடுவே ஒரு சந்து கிடைத்தது. அலுவலக வராண்டாவில், குடிதண்ணீர் கேனுக்கு மேலிருந்த பிளக்கில், எந்த ஒன்றியத்தை எதிர்த்து வந்தாரோ அதே பேர்கொண்ட ஒன்றியத்தின் மின்சாரத்தில், பெத்தம்மாளின் திருக்கரம் பின்னைப் பொருத்த, போன் கண் விழித்தது. விழித்த கொஞ்ச நேரத்தில் ஐரோப்பாவே திரையில் திறந்தது; பஞ்சுத் துணிப் பொதிக்குள், செக்கச் செவேலென்று, ஒன்றியம் இன்னதென்று அறியாத ஒரு முகம் கொட்டாவி விட்டது. பக்கத்தில் களைத்த கண்ணோடு ஜாஸ்மின் கேட்டாள்:

“அப்பா, தெரியுதாப்பா?”

“தெரியுது தாயி” என்றார் ஐயாதுரை. பெத்தம்மாள் எட்டிப் பார்த்து, மூக்கு அப்படியே அண்ணாச்சி மூக்கு என்று தீர்ப்பு வழங்கினாள். உள்ளேயிருந்து ஒரு கிளார்க், “சார், பேசி முடிச்சா அந்த சுவிட்ச ஆஃப் பண்ணிருங்க” என்றார்.

அண்டம் அதிர வந்த அண்ணல், ஃபிளெக்ஸை அவிழ்க்கவும் மறந்து, மற்றதையெல்லாம் தன் கையாலேயே பையில் வாரிப்போட்டு, ஆனந்தக் கண்ணீர் ஆறாய்ப் பெருக, எதிர்ப்பட்டவர்க்கெல்லாம் பால்கோவா வாங்கி வழங்கி, வெற்றித்தேர் ஏறி, திசையெட்டும் புகழ் பரப்பும் தாத்தா என்னும் மணிமுடி தரித்து ராஜபாளையம் மீண்டார்.

வீட்டில் பையைத் திறந்து பார்த்தபோது பெத்தம்மாளுடைய வயரும் உள்ளே கிடந்தது.