கோட்டுக் காக்காவின் பதவி உயர்வு

கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் உள்ள அரசாங்கக் கந்தோர்களையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தாலும், நேரத்துக்கு அவரைப்போலப் பயந்த மனிதர் ஒருவர் கிடைக்கமாட்டார். நேரத்துக்கு வராத மனிதரும் அவரைப்போல இன்னொருவர் கிடைக்கமாட்டார். இரண்டும் ஒரே ஆளில் எப்படிக் குடியிருந்தன என்று நீங்கள் கேட்கலாம். அவரோடு மூன்று வருடம் ஒரே அறையில் வேலை செய்தவன் நான். எனக்கே அது பிடிபட வெகுநாள் சென்றது.

கந்தோரில் அவருக்குப் பெயர் கோட்டுக் காக்கா. காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். கோட்டு என்றதும் கோட்டுப் போட்ட பெரிய மனிதர் என்று எண்ணிவிடாதீர்கள். அவரிடம் இருந்தவை இரண்டு அரைக்கைச் சட்டைகள். இது வேறு கோடு. எட்டரைக்குக் கந்தோர், கால் மணி நேரம் சலுகை, எட்டே முக்காலானதும் வரவு பதியும் இடாப்புப் புத்தகத்தில் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே சிவப்பு மையால் ஒரு கோடு விழும். அதற்குப் பிறகு வருகிறவர் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, வந்த நேரத்தையும் எழுதவேண்டும். எங்கள் காக்கா கோட்டுக்குக் கீழேயே குடியிருந்தார்.

அந்தக் கோட்டைக் கீறும் கை என்னுடையது. எழுபதுகளின் கடைசியில், இன்னும் நிரந்தரமாக்கப்படாத இளம் லிகிதனாக, அதாவது கிளாக்கராக, நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது, முதல் வேலையாகச் சிவப்புப் பேனையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

தினமும் எட்டு ஐம்பத்தைந்து, எட்டு ஐம்பத்தெட்டு, ஒன்பது. சைக்கிள் வாசலில் விழும் சத்தம் கேட்கும். மூச்சு வாங்க, முகமெல்லாம் வேர்வையாக அவர் வந்து நிற்பார்.

"தம்பி, கோடு கீறிட்டீங்களா?"

"இப்பதான் காக்கா கீறின."

"மை காஞ்சிட்டா?"

காய்ந்திராவிட்டால் அவருக்கு ஒரு ஆறுதல். அல்லாஹ் அதிகமாகக் கைவிடவில்லை என்று அர்த்தம்.

காரணம் கடல். சாய்ந்தமருதுக் கரையில் விடியற்காலையில் கரைவலை இழுப்பார்கள். வலை கரையேறியதும் மீனைக் குவியல் குவியலாகக் கொட்டி ஏலம் கூறுவார்கள். அந்தக் கூறும் தொழில் காக்காவுடையது. அவருடைய வாப்பாவும் கூறியவர்தான். லிகிதர் சம்பளம் ஒரு குடும்பம் சாப்பிடக் காணும். ஆனால் காக்காவுக்கு மூன்று பெண்பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மூத்தவளின் வீட்டுக்குக் கூரை வந்திருந்தது. இரண்டாமவளுக்கு அத்திவாரம். மூன்றாமவளுக்கு வெறும் வளவு, அதில் ஒரு முருங்கை. பதவி உயர்வு கிடைத்தால் கரையை விட்டுவிடலாம் என்பார். கரையை விட்டால்தான் பதவி உயர்வு கிடைக்கும் என்பது அவருக்கும் தெரியும்.

அரசாங்க உத்தியோகத்தர் வேறு தொழில் செய்யக்கூடாது. ஆகவே அது பரம இரகசியம். காக்காவின் காதுமடலில் ஒட்டியிருக்கும் செதிலுக்கும், அவர் மேசைக்கடியில் வந்து படுக்கும் மூன்று பூனைகளுக்கும் மட்டும் அது இரகசியம் என்று தெரியாது. ஒருமுறை கொழும்புக்குப் போன கோவைக் கட்டு ஒன்றின் கடைசித் தாளில் ஒரு கீரிமீன் செதில் ஒட்டிக்கொண்டு போய், 'இணைப்பு விளங்கவில்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

தொண்டையும் அவரைக் காட்டிக்கொடுக்கும். ஒரு கூட்டத்தில் அதிகாரி ஐயா, "இந்த வயல் பட்டியல் எத்தனை நாளில் முடியும்?" என்று கேட்டார். ஒருவர் பத்து நாள் என்றார். இன்னொருவர் எட்டு என்றார். காக்கா தன்னை அறியாமல் எழுந்து, கையை உயர்த்தி, "எட்டு! எட்டு! எட்டுக்குக் கீழ ஆரும் இரிக்கா?" என்று ஒரு குரல் எடுத்தாரே, அடுத்த அறையில் காணி விசயமாக வந்திருந்த சவளக்கடை ஊர்க்காரர் ஒருவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். காக்கா உட்கார்ந்தவர், அன்று முழுவதும் கதிரையை விட்டு எழும்பவேயில்லை.

ஆனால் வேலையில் புலி. சுற்றறிக்கைகள் அத்தனையும் இலக்கத்தோடு மனப்பாடம். கடிதம் எழுத அவரை விட்டால் அங்கே ஆளில்லை. ஆகவே 'தொடர்ந்து பிந்தி வருவதற்கு விளக்கம் தருக' என்று அவருக்கே அனுப்பவேண்டிய கடிதத்தையும் அவரிடமே எழுதக் கொடுத்தார்கள். எழுதினார். வாசித்தால் குலை நடுங்கும், அப்படி எழுதினார். பிறகு அந்தக் கடிதத்தைத் தானே வாங்கிப் பயந்து, இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து, உருக்கமாகப் பதில் எழுதினார். பதிலின் மேல் குறிப்பு எழுதும் வேலையும் அவரிடமே வந்தது. 'விளக்கம் திருப்தியளிக்கவில்லை' என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன செய்யிற தம்பி? உண்மையிலேயே திருப்தியில்ல."

மாரிக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், கரைவலை இல்லை. அப்போது காக்கா ஏழரைக்கே வந்துவிடுவார். ஒருநாள் கந்தோர்க் கதவு பூட்டியிருந்ததைக் கண்டு, எல்லாரும் வேலை முடித்துப் போய்விட்டார்கள் என்று பயந்து, சாவியோடு வந்த பியோனிடம், "மணி எத்தனை மனே, பின்னேரத் தொழுகைக்கு, அசறுக்குப் பாங்கு சொல்லிட்டா?" என்று கேட்டாராம்.

இப்படி இருக்கும்போது எங்கள் பிரதம லிகிதர் பென்சனில் போக நாள் வந்தது. அந்த இடத்துக்குச் சேவை மூப்புப்படி காக்காதான் முதல் ஆள். இரண்டாவது ஆளை நாங்கள் எட்டு மணியார் என்போம். சரியாக எட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தால், நாலேகால் வரைக்கும் அந்தக் கதிரையை யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வார். வேறு வேலை செய்து நான் கண்டதில்லை. அம்பாறையில் நேர்முகப் பரீட்சை என்றும், ஆறு மாத வரவு இடாப்பு பார்க்கப்படும் என்றும் கடிதம் வந்தது. ஐந்து மாதம் ஏற்கெனவே கோட்டுக்குக் கீழே போய்விட்டிருந்தது. மிச்சம் ஒரு மாதம்.

அந்த மாதம் காக்கா பட்டபாடு! வலைக்காரச் சம்மாட்டியிடம் போய், வலையை அரைமணி முந்தி இழுக்கக் கேட்டார். "ஏன், கடலுக்கு ஒரு லெட்டர் அடிச்சு அனுப்பன். நீதானே கிளாக்கர்," என்றார் சம்மாட்டி. அடுத்ததாக வேகமாகக் கூறிப் பார்த்தார். வேகத்தில் ஒருவருக்கும் விலை விளங்காமல், ஒரே குவியலை இரண்டு வியாபாரிகள் வாங்கியதாக எண்ணிக் கூடையால் அடித்துக்கொண்டார்கள். உடுப்பு மாற்றும் நேரத்தை மிச்சம் பிடிக்கச் சாரத்துக்குள்ளேயே காற்சட்டையைப் போட்டுக்கொண்டு கரையில் நின்றார். அன்று ஒரு பெரிய அலை வந்தது. முழங்கால் வரை கடலோடு கந்தோருக்கு வந்தார். எட்டு ஐம்பத்தாறு.

அன்று கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, மாதத்தில் மிச்சம் எத்தனை நாள் என்று அவர் விரல்விட்டு எண்ணுவதைப் பார்த்தேன். மறுநாள் எட்டே முக்காலுக்குப் பேனையைத் திறந்தேன், மூடினேன். மை அடைத்துக்கொண்டதுபோல உதறினேன். கழுவப் போனேன். ஒன்பது ஆகும்போது சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது.

"தம்பி, கோடு?"

"இன்னும் கீறல்ல காக்கா."

அவர் நம்பவில்லை. இடாப்பைத் தடவிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே நான் கோடு கீறினேன். "அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவர் போட்ட சத்தத்தில் பூனைகள் எழுந்து ஓடின. எல்லாருக்கும் பிளேன்டீயும் பணிசும் வாங்கிக் கொடுத்தார். "பாத்தீங்களா, மனிசன் முயற்சி செஞ்சா முடியாதது இல்ல!" என்றார். புதுச் செயின் போட்ட சைக்கிளை மெச்சினார். நான் செய்ததை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார் என்று தெரியும்.

அப்படிப் பதினொரு நாள். ஒவ்வொரு நாளும் அவர் சந்தோஷம் கூடக்கூட எனக்குப் பயமும் கூடியது. நிரந்தரமாவதற்கு எனக்கு நாலு மாதம் இருந்தது. வீட்டில் ஆறு பேர் என் சம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு மணியார் தன் கதிரையிலிருந்து சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார்.

பரீட்சை நாளன்று இடாப்புகளைக் கொண்டுபோகும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. காலை முதல் பஸ்ஸில் சேர்ந்து போவதென்று காக்காவோடு பேசியிருந்தேன். "இண்டைக்கிக் கரைப்பக்கமே தலை வச்சுப் படுக்கமாட்டன்," என்று சத்தியம் செய்திருந்தார். பஸ் வந்தது, காக்கா வரவில்லை. இடாப்புகளை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். காரைதீவுச் சந்தியில் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தரிப்பிலும் எட்டிப் பார்த்தேன். வயலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

அம்பாறையில் ஒன்பதுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். எட்டு மணியார் உள்ளே போய், சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். அடுத்து காக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு தரம். இரண்டாம் தரம். நான் வாசலுக்கும் வீதிக்குமாக ஓடினேன். மூன்றாம் தரம் கூப்பிட வாய் திறக்கும்போது, ஐஸ் தண்ணீர் ஒழுக ஒழுக ஒரு மீன் லொறி வந்து நின்றது. அதன் பின்பக்கத்திலிருந்து காக்கா குதித்தார். அன்றைக்கு உண்மையிலேயே கோட்டுப் போட்டிருந்தார். யாரோ மாப்பிள்ளையின் கோட்டு. கை விரல்நுனி வரைக்கும் இறங்கியிருந்தது.

"என்ன காக்கா இது!"

"பாரை தம்பி, வலை நிறையப் பாரை! நான் இல்லண்டு தெரிஞ்சு யாவாரியெல்லாம் ஒண்டாச் சேந்து அரை விலைக்குக் கேக்கிறானுகள். வலை இழுத்தவன் முப்பது பேரு நிண்டு என்ட முகத்தப் பாக்கிறான். நான் எப்பிடிப் போற?"

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த நரைத்த தலைக்காரர் தலைவர். இடாப்போடு நானும் நின்றேன். சுற்றறிக்கைகள் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் காக்கா வாய் மூடும் முன் பதில் சொன்னார். தலைவர் முகம் மலர்ந்தது. பிறகு இடாப்பைப் புரட்டினார்.

"ஐந்து மாதம் கோட்டுக்குக் கீழே. கடைசி மாதத்தில் பதினொரு நாள் மேலே. எப்படி?"

"முயற்சி சேர்," என்றார் காக்கா, பெருமையோடு.

தலைவர் ஒரு பெட்டிசத்தை எடுத்து மேசையில் வைத்தார். பெயரில்லாத பெட்டிசம். "இந்தப் பதினொரு நாளும் கோடு வேண்டுமென்றே பிந்திக் கீறப்பட்டதாக எழுதியிருக்கிறார்கள். இடாப்புக்குப் பொறுப்பு யார்?"

நான் தலையைக் குனிந்தேன். காக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே மை அடைத்ததும், பேனை கழுவியதும், தான் வாங்கிக் கொடுத்த பணிசும் எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டன. முகத்திலிருந்த பெருமை மெல்ல வடிந்தது. பிறகு தலைவர் பக்கம் திரும்பினார்.

"தம்பியில பிழையில்ல சேர். அவர் நேரத்துக்குத்தான் கோடு கீறின. கோட்டுக்கு மேல கொஞ்சம் இடம் விட்டுக் கீறுவார். நான் பிந்தி வந்து, அவர் டீ குடிக்கப் போன நேரம் பாத்து, அந்த இடத்துல கையெழுத்து வச்ச. அவருக்குத் தெரியா."

"யோசித்துத்தான் சொல்கிறீரா? இதனால் பதவி உயர்வு மட்டுமல்ல, சம்பள ஏற்றமும் நிற்கும்."

"ஓம் சேர். தெரியும்." எந்தச் சுற்றறிக்கையில், எத்தனையாம் பந்தியில் அப்படி இருக்கிறது என்பதையும் சொன்னார்.

நான் வாய் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை.

திரும்பும்போது அதே மீன் லொறியில் ஏறினோம். வெற்றுப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து நான் அழுதேன். காக்கா கோட்டைக் கழற்றி, நனையாமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சும்மா இரிங்க தம்பி. எனக்கு வேலையிருக்கி. போன வேலை உங்கடதாயிருந்தா, உங்கட உம்மாவுக்கு நான் என்ன முகத்தக் காட்டுற?" பிறகு கோபமாகச் சொன்னார்: "மறுகா எனக்காகக் கோட்ட இழுக்கப்படா. கோடு என்ன கரைவலையா, நாம நினைச்சபடி இழுக்க?"

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் வழக்கமான பயம் வந்துவிட்டது. "மணி என்ன தம்பி? அரைநாள் லீவுதானே போட்ட? கந்தோருக்குப் பிந்திருவமா?"

பிந்திவிட்டோம்.

எட்டு மணியார் பிரதம லிகிதரானார். காக்காவின் சம்பள ஏற்றம் ஒரு வருடம் நின்றது. இரண்டாமவளின் வீடு அத்திவாரத்தோடு இன்னும் ஒரு மாரியைக் கண்டது. காக்கா அதே பயத்தோடு, அதே ஒன்பது மணிக்கு வந்துகொண்டிருந்தார். நான் எட்டே முக்காலுக்குக் கோடு கீறினேன்.

நாலு மாதத்தில் எனக்கு நிரந்தர நியமனக் கடிதம் வந்தது. வீட்டு விலாசத்துக்கு, ஒரு சனிக்கிழமை. மறுநாள் விடியற்காலையில் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே கரைக்குப் போனேன். காக்கா நெத்தலிக் குவியலுக்கு நடுவே நின்று கூறிக்கொண்டிருந்தார். தூரத்திலேயே என்னையும் கடிதத்தையும் கண்டுவிட்டார். கையை உயர்த்தி ஏலத்தை நிறுத்தினார். வியாபாரிகள் சத்தம் போட்டார்கள். அவர் கேட்கவில்லை. மீன் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, கடிதத்தை வாங்கி இரண்டு முறை வாசித்தார். பிறகு அத்தனை பேருக்கும் கேட்க, கடலுக்கே கேட்க, குரல் எடுத்தார்:

"எங்கட தம்பி நிரந்தரமாகிட்டார்! நிரந்தரமாகிட்டார்! நிரந்தரமாகிட்டார்!"

என்னைப் பெற்ற வாப்பாகூட எனக்காக அவ்வளவு சத்தமாகச் சந்தோஷப்பட்டதில்லை.